கையில் வேதம்! மடியில் பட்டா!

இளைஞர்களே! விடிந்தால் கடை, அடைந்தால் கணக்கு என்று ஓடிக்கொண்டிருக்கும் வணிகப் பெருமக்களே! ஒரு கதை சொல்வார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

"இங்கிலாந்தில் சிலர் தங்கள் மனச்சாட்சிப்படி இறைவனை வணங்க முடியாமல் தவித்தார்கள். மன்னன் அவர்களை வாட்டினான். அவர்கள் கப்பலேறி, கடல் தாண்டி அமெரிக்கா போனார்கள். ஆளில்லாத காட்டைத் திருத்திக் குடியேறினார்கள். அங்கே மதச் சுதந்திரம் மலர்ந்தது!"

கேட்கக் கேட்கக் காது குளிர்கிறது அல்லவா? இதில் பாதி உண்மை. அதனால்தான் இது ஆபத்தானது. முழுப் பொய்யை யாரும் மடக்கிவிடலாம். பாதி உண்மையை மடக்க, ஏடுகளைப் புரட்டியாக வேண்டும். வாருங்கள், புரட்டுவோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவச் சகோதரர்கள் மீது சேற்றை வாரி இறைக்க இதை எழுதவில்லை. இந்தக் கொடுமைகளை அன்றே எதிர்த்தவர்களில் முன்வரிசையில் நின்றவர்களும் அதே வேதத்தைப் படித்தவர்கள்தாம். நான் கேட்கும் கேள்வி வேறு. இறைவனின் பெயரைச் சொல்லி நிலம் பிடிக்கப் போனார்களே, அந்தப் பெயர் அங்கே என்ன வேலை செய்தது?

சாசனத்தில் இறைவன்! சந்தையில் புகையிலை!

1606-ஆம் ஆண்டு இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் விர்ஜீனியாவில் குடியேற ஒரு சாசனம் கொடுத்தார். இருளில் கிடக்கும் மக்களுக்குக் கிறிஸ்தவ மார்க்கத்தைக் கொண்டு செல்லும் புனிதப் பணி என்று அதில் எழுதியிருந்தது. தங்கம், வெள்ளி, செம்பு கிடைத்தால் மன்னருக்கு எவ்வளவு பங்கு என்பதும் அதே சாசனத்தில் எழுதியிருந்தது! தங்கத்திலும் வெள்ளியிலும் ஐந்தில் ஒன்று, செம்பில் பதினைந்தில் ஒன்று. இறைப்பணிக்குப் போகிறவனிடம் மன்னர் ஏன் பங்கு கேட்கிறார்? வணிகர்களே, இது உங்களுக்குப் புரியும்.

விர்ஜீனியா கம்பெனி என்பது பங்கு வணிக நிறுவனம். ஒரு பங்கு 12 பவுண்டு 10 ஷில்லிங். 1609-இல் பங்கு விற்பனை சூடுபிடித்தபோது இலண்டன் பாதிரிமார் பிரசங்க மேடை ஏறினார்கள். ஆபிரகாம் தன் ஊரை விட்டு இறைவன் காட்டிய நாட்டுக்குப் புறப்பட்டாரே, அதைப்போல நீங்களும் புறப்படுங்கள் என்று முழங்கினார்கள். இன்று நிறுவனங்கள் விளம்பரம் போடுகின்றன. அன்று பிரசங்கம் போட்டார்கள்!

போன இடத்தில் மார்க்கம் எப்படி நடந்தது? 1610, 1611-ஆம் ஆண்டுகளில் ஜேம்ஸ்டவுனில் கொண்டுவந்த சட்டத்தைப் பாருங்கள். தினமும் இருவேளை வழிபாட்டுக்கு வர வேண்டும். தவறினால் முதல்முறை அன்றைய உணவு கிடையாது. இரண்டாம் முறை கசையடி. ஞாயிறு வழிபாட்டை மூன்றாம் முறை தவறவிட்டால் மரண தண்டனை! பட்டினியில் செத்துக்கொண்டிருந்த கூலிகளைக் கட்டுக்குள் வைக்கக் கிடைத்த சவுக்குக்கு வழிபாடு என்று பெயர்.

பூர்வகுடிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் கல்லூரியும் கட்டப்போகிறோம் என்று மன்னரின் ஆணையோடு இங்கிலாந்துத் தேவாலயங்களில் வசூல் நடந்தது. சுமார் 1,500 பவுண்டு திரண்டது. கல்லூரிக்கென்று 10,000 ஏக்கர் ஒதுக்கினார்கள். யாரிடமிருந்து ஒதுக்கினார்கள் என்று கேட்காதீர்கள்! அதே நோக்கத்துக்காகப் பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் தனியாக 550 பவுண்டு கொடுத்தார். அந்தப் பணம் இரும்பு உலைத் தொழிலில் போடப்பட்டது. 1622 மார்ச் 22 அன்று, நிலம் பறிபோவதைப் பொறுக்காத பூர்வகுடிகள் திருப்பித் தாக்கியதில் 347 ஆங்கிலேயர் மாண்டனர். இரும்பு உலையும் அழிந்தது. கல்லூரியும் கனவாய்ப் போனது. 1624-இல் கம்பெனியின் சாசனமே பறிபோனது. நின்றது எது? புகையிலை!

தர்மப் பணத்தைத் தொழிலில் போட்டுத் தொலைத்த கதை நமக்குப் புதிதா என்ன? ஊருக்கு ஒரு கதை உண்டு. வசூல் ரசீதில் இறைவன் பெயர் இருந்தால் மட்டும் கணக்கு சுத்தமாகிவிடாது.

கொள்ளைநோய் எழுதிய பத்திரம்!

இனி வடக்கே போவோம். 1620-இல் மேஃபிளவர் கப்பலில் 102 பயணிகள் பிளிமத் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் மார்க்கத்துக்காக ஊரைத் துறந்தவர்கள் பாதிக்கும் குறைவு. அவர்களுங்கூட இங்கிலாந்திலிருந்து நேரே போகவில்லை. பல ஆண்டுகள் ஹாலந்தின் லைடன் நகரில் இருந்தார்கள். அங்கே அவர்களுக்கு வழிபாட்டுச் சுதந்திரம் இருந்தது! பிழைப்பு கடினமாக இருந்தது, பிள்ளைகள் டச்சுக்காரர்களாக மாறிக்கொண்டிருந்தார்கள், அதனால் கிளம்பினார்கள். கப்பல் செலவுக்கு இலண்டன் வணிகர்களிடம் வாங்கிய கடனை அடைக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

ஆளில்லாத காடு என்றார்களே, அது உண்மையா? பிளிமத் இருந்த இடத்தின் பெயர் பதுக்செட். அங்கே உழுத வயல் இருந்தது. 1616 முதல் 1619 வரை அந்தக் கடற்கரையில் ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த கொள்ளைநோய் ஊர் ஊராக மக்களை வாரிக்கொண்டு போயிருந்தது. அந்த ஊரில் பிறந்த திஸ்குவாண்டம் என்பவர் உயிரோடிருந்ததற்குக் காரணம் என்ன தெரியுமா? 1614-இல் ஓர் ஆங்கிலக் கப்பல் தலைவன் அவரைக் கடத்திக்கொண்டுபோய் ஸ்பெயினில் விற்றிருந்தான். தப்பி ஊர் திரும்பியவர் கண்டது எலும்புகளை! அந்த மனிதர்தான் குடியேறிகளுக்கு மக்காச்சோளம் பயிரிடக் கற்றுக்கொடுத்தார்.

அந்த நோயை மன்னர் ஜேம்ஸ் எப்படிப் பார்த்தார்? 1620-ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து சாசனத்திலேயே, இது இறைவன் அனுப்பிய வியப்புக்குரிய கொள்ளைநோய், நிலம் வெறுமையாகிவிட்டது என்று எழுதினார். 1633, 1634-இல் பெரியம்மை வந்து மேலும் பலர் மடிந்தபோது, மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் வின்த்ரோப், நிலத்தின் மீது எங்களுக்குள்ள உரிமையை இறைவனே தெளிவாக்கிவிட்டான் என்ற பொருளில் கடிதம் எழுதினார்.

கவனியுங்கள்! பக்கத்து வீட்டில் சாவு விழுகிறது. நீங்கள் ஓடிப்போய் ஆறுதல் சொல்கிறீர்களா, வேலியை நகர்த்துகிறீர்களா? வேலியை நகர்த்திவிட்டு இறைவனே நகர்த்தினான் என்று சொன்னால் அதற்கு என்ன பெயர்?

பூர்வகுடிகள் நிலத்தை வேலி போட்டு அடைக்கவில்லை, மாடு வளர்க்கவில்லை, ஆகவே அது அவர்களுக்குச் சொந்தமாகாது என்றும் வின்த்ரோப் வாதாடினார். 1629-இல் மாசசூசெட்ஸ் கம்பெனி முத்திரையில் ஒரு பூர்வகுடி மனிதனை வரைந்து, எங்களுக்கு உதவ வாருங்கள் என்று அவன் கூப்பிடுவதைப்போல வேத வாசகத்தை அவன் வாயில் திணித்தார்கள். எந்தப் பூர்வகுடி இவர்களைக் கூப்பிட்டான்?

உதவி எப்படி வந்தது என்று 1637 மே 26 சொல்லும். மிஸ்டிக் என்ற இடத்தில் பீகுவாட் மக்களின் கோட்டையூரை ஆங்கிலப் படை வளைத்துத் தீ வைத்தது. பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் உட்பட 400 முதல் 700 பேர்வரை மாண்டனர். படைத்தலைவர்களில் ஒருவரான ஜான் அண்டர்ஹில், தாவீதின் போர்களைக் காட்டி இதை நியாயப்படுத்தி எழுதினார். மறு ஆண்டு ஹார்ட்ஃபோர்டு உடன்படிக்கையில், பீகுவாட் என்ற பெயரைக்கூட இனி யாரும் சொல்லக்கூடாது என்று விதித்தார்கள்! சிறைப்பட்டவர்களில் சிலரை 'டிசையர்' என்ற கப்பலில் ஏற்றி மேற்கிந்தியத் தீவுகளில் விற்றார்கள். திரும்பி வந்த அந்தக் கப்பலில் ஆப்பிரிக்க அடிமைகள் இருந்தார்கள்.

ஆனால் பெயர் அழியவில்லை. 1983-இல் அமெரிக்க அரசே மஷான்டகெட் பீகுவாட் மக்களைச் சட்டப்படி அங்கீகரிக்க வேண்டி வந்தது. கொளுத்தலாம், விற்கலாம், பெயரை அழிக்கச் சட்டம் போடலாம். வரலாறு வாய் திறக்கும்!

தஞ்சம் தேடியவர்கள் தடியெடுத்தார்கள்!

மதச் சுதந்திரம் தேடிப் போனார்கள் என்கிறார்களே, யாருடைய சுதந்திரம்? 1631-இல் மாசசூசெட்ஸில் திருச்சபை உறுப்பினருக்கு மட்டுமே வாக்குரிமை என்று விதி வந்தது. நேற்றுவரை மன்னரின் பிஷப்புகளிடம் அடிவாங்கியவர்கள், இன்று அடிக்கும் இடத்துக்கு வந்துவிட்டார்கள்!

ரோஜர் வில்லியம்ஸ் என்ற பாதிரி எழுந்து நின்றார். மன்னரின் சாசனம் பூர்வகுடிகளின் நிலத்தை நமக்குத் தர முடியாது, அவர்களிடம் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றார். மனச்சாட்சி விஷயத்தில் அரசு தலையிடக்கூடாது என்றார். 1635-இல் நாடு கடத்தத் தீர்ப்பளித்தார்கள். அடுத்த ஆண்டு கடும் பனியில் அவர் வெளியேறினார். அடுத்து ஆன் ஹட்சின்சன் என்ற பெண்மணி. வீட்டில் கூட்டம் கூட்டி, பாதிரிமாரின் போதனையை விமர்சித்தார் என்பதற்காக 1637-இல் விசாரித்து, 1638-இல் விரட்டினார்கள். குவேக்கர்கள் வந்தபோது காதை அறுத்தார்கள். 1659 முதல் 1661 வரை பாஸ்டனில் நான்கு குவேக்கர்களைத் தூக்கிலிட்டார்கள். அவர்களில் மேரி டயர் என்ற தாயும் ஒருவர். இது முடிவுக்கு வர, இரண்டாம் சார்லஸ் மன்னர் கடல் தாண்டி ஆணை அனுப்ப வேண்டியிருந்தது. எந்த மன்னராட்சியின் கொடுமைக்குப் பயந்து ஓடினார்களோ, அதே மன்னராட்சி இவர்களின் கொடுமையைத் தடுத்தது. எவ்வளவு பெரிய வெட்கக்கேடு!

மேரிலாந்து கத்தோலிக்கர்களுக்குப் புகலிடமாகத் தொடங்கியது. அங்கே 1649-இல் ஒரு சகிப்புச் சட்டம் வந்தது. அமெரிக்காவில் மதச் சுதந்திரத்தின் முதற்படி என்று இதைப் புகழ்வார்கள். உள்ளே படித்துப் பாருங்கள். கிறிஸ்தவப் பிரிவுகள் ஒன்றையொன்று தொல்லை செய்யக்கூடாது. சரி! திரித்துவத்தை மறுப்பவனுக்கு? மரண தண்டனை, சொத்துப் பறிமுதல்! நீங்களோ நானோ அங்கே வாய் திறந்திருந்தால் தூக்குமேடைதான். 1658-இல் ஜேக்கப் லும்ப்ரோசோ என்ற யூத மருத்துவர் இதே சட்டத்தில் மாட்டிக்கொண்டார். பின்னர் அதே மேரிலாந்தில் புராட்டஸ்டண்டுகளின் கை ஓங்கியபோது, கத்தோலிக்கர்களின் உரிமையே பறிபோனது. வாளை உறையிலிருந்து உருவிக் கொடுத்தவனின் கழுத்துக்கே அது திரும்பி வந்தது.

மார்க்கம் மாறினாலும் சங்கிலி மாறவில்லை!

சரி, அவர்களின் மார்க்கத்தை ஏற்றவர்களாவது வாழ்ந்தார்களா? ஜான் எலியட் என்ற பாதிரி பூர்வகுடிகளின் மொழியைக் கற்று, 1663-இல் பைபிள் முழுவதையும் அம்மொழியில் அச்சிட்டார். அமெரிக்காவில் அச்சான முதல் பைபிள் அதுதான். மதம் மாறியவர்களுக்கென்று பதினான்கு 'பிரார்த்தனை ஊர்கள்' எழுந்தன. 1675-இல் மெட்டகாமெட் தலைமையில் போர் மூண்டது. உடனே என்ன செய்தார்கள்? முடி வெட்டி, உடை மாற்றி, வேதம் படித்த அந்தக் கிறிஸ்தவப் பூர்வகுடிகளைப் பிடித்துப் பாஸ்டன் துறைமுகத்தில் உள்ள மான் தீவில் அடைத்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் பசியிலும் பனியிலும் பலர் மாண்டார்கள். பேரம் படியாதவரை 'சகோதரா', பகை வந்தால் 'சந்தேகத்துக்குரியவன்'!

தெற்கே விர்ஜீனியாவில் இன்னொரு சிக்கல். ஞானஸ்நானம் பெற்ற அடிமை விடுதலை கேட்டால்? 1667-இல் சட்டசபை கூடிச் சட்டம் போட்டது: ஞானஸ்நானம் அடிமையின் நிலையை மாற்றாது! ஆன்மாவுக்கு விடுதலை, உடம்புக்குச் சங்கிலி! 1682-இல் மேலும் இறுக்கினார்கள். கிறிஸ்தவமல்லாத நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கறுப்பர்களும் 'மூர்' எனப்பட்டவர்களும் பின்னர் மதம் மாறினாலும் அடிமைகளே. அதே சட்டத்தில் ஒரு விதிவிலக்கு. இங்கிலாந்து மன்னரோடு நட்பில் உள்ள துருக்கியருக்கும் மூர்களுக்கும் இது பொருந்தாது! ஏன்? அவர்களுக்குப் பின்னால் கப்பற்படையும் சுல்தானும் இருந்தார்கள். இதுவா மார்க்கம்? பலவானைக் கண்டால் சலாம், எளியவனைக் கண்டால் சங்கிலி!

அந்தச் சங்கிலியில் சிக்கியவர்களில் குர்ஆனை மனனம் செய்தவர்களும் இருந்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் பூண்டு பகுதியைச் சேர்ந்த அய்யூப் சுலைமான் டியாலோ ஒருவர். மேரிலாந்தில் புகையிலைத் தோட்டத்தில் உழைத்தார். காட்டோரம் ஒதுங்கித் தொழும்போது ஒரு வெள்ளைக்காரச் சிறுவன் கேலி செய்து முகத்தில் மண்ணை வீசுவான். தாங்காமல் 1731-இல் தப்பி ஓடிச் சிறைப்பட்டார். தந்தைக்கு அவர் அரபியில் எழுதிய கடிதம் இலண்டன் பெரிய மனிதர்களின் கையில் சிக்கியது. அவரை மீட்டார்கள். 1733-இல் இலண்டன் சேர்ந்தவர், நினைவிலிருந்தே குர்ஆனைப் பிரதி எழுதிக் கொடுத்தார். 1734-இல் தாயகம் திரும்பினார்.

இந்த வரலாற்றைக் கேட்டு நெஞ்சு விம்முகிறதா? கொஞ்சம் பொறுங்கள். மறுபாதியையும் சொல்கிறேன். டியாலோ பிடிபட்டது எப்போது? தந்தை கொடுத்தனுப்பிய இரண்டு அடிமைகளை ஆங்கிலக் கப்பலில் விற்கப் போன பயணத்தில்! அவர் யாரிடம் விற்கப் போனாரோ, அதே கப்பல் தலைவன்தான் அவரையும் வாங்கினான். நம்மவர் என்பதற்காக இதை மறைத்தால், எலும்பு கிடந்த ஊரைக் கண்டு இறைவனுக்கு நன்றி சொன்னவர்களுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

என்னைப்போல் மேடை ஏறிப் பேசுகிறவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. ஜார்ஜியாவில் தொடக்கத்தில் அடிமை முறைக்குத் தடை இருந்தது. கூட்டம் கூட்டமாக மக்களை அழவைத்த பிரசங்கி ஜார்ஜ் விட்ஃபீல்டு அங்கே ஓர் அநாதை இல்லம் நடத்தினார். இல்லச் செலவுக்கு அடிமை உழைப்பு வேண்டும் என்று தடையை நீக்கப் பாடுபட்டார்! 1751-இல் தடை நீங்கியது. அநாதைகளுக்குச் சோறு போட, பிறர் பிள்ளைகளை அடிமையாக்குவதா? கண்ணீர் வரவழைக்கும் நாவு நீதி பேசும் நாவாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எங்கள் பேச்சை மட்டும் கேட்டு எங்களை எடை போடாதீர்கள்!

எதிர்த்து நின்றவர்கள்!

ஆனால் வரலாறு இருட்டு மட்டுமல்ல. விரட்டப்பட்ட ரோஜர் வில்லியம்ஸ் 1636-இல் நரகன்செட் மக்களிடம் நிலம் பெற்றுப் பிராவிடன்ஸ் ஊரை அமைத்தார். 1644-இல் அவர் எழுதிய நூலில் யூதருக்கும் துருக்கியருக்கும், அதாவது முஸ்லிம்களுக்கும், வழிபாட்டு உரிமை உண்டு என்று வாதிட்டார். இலண்டன் பாராளுமன்றம் அந்த நூலைக் கொளுத்த உத்தரவிட்டது. 1688-இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் கையெழுத்திட்டு அடிமை முறைக்கு எதிராக ஒரு முறையீடு எழுதினார்கள். கடலில் துருக்கியர் பிடித்து அடிமையாக்குவார்களோ என்று அஞ்சி நடுங்குகிறீர்களே, நீங்கள் செய்வது அதைவிட எந்த விதத்தில் மேல் என்று தம் சபையைக் கேட்டார்கள். சபை அதை ஓரமாக வைத்தது. பிலடெல்பியாக் குவேக்கர் சபை தன் உறுப்பினர்கள் அடிமை வைத்திருக்கத் தடை விதித்தது 1776-இல்! எண்பத்தெட்டு ஆண்டுகள்!

அந்த வில்லியம்ஸும் முதுமையில், 1676-இல், போரில் பிடிபட்ட பூர்வகுடிகளைக் கொத்தடிமைகளாக விற்ற குழுவில் இருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். எவரையும் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் பிடிக்காதீர்கள்.

நம் சென்னைக்கும் ஒரு கணக்கு!

இதெல்லாம் எங்கோ நடந்தது என்கிறீர்களா? 1687 முதல் 1692 வரை சென்னை ஜார்ஜ் கோட்டையின் கவர்னர் எலிஹு யேல். தன் பை நிரப்பிய குற்றச்சாட்டில் பதவி இழந்தவர். 1718-இல் அவர் அனுப்பிய துணி முதலான சரக்கை விற்ற பணம் சுமார் 562 பவுண்டு, கனெக்டிகட்டில் பாதிரிமாரைப் பயிற்றுவித்த கல்லூரிக்குப் போனது. கல்லூரிக்கு அவர் பெயரே வைத்தார்கள். அதுதான் யேல்!

இன்னொன்றையும் ஒப்பிடுங்கள். அமெரிக்காவில் சாசனத்துக்குச் சாசனம் வேதப்பணி என்று எழுதிய அதே இங்கிலாந்தின் கிழக்கிந்தியக் கம்பெனி, இங்கே பாதிரிகளைக் கண்டு முகம் சுளித்தது. வில்லியம் கேரி டேனிஷ்காரர்களின் செராம்பூரில் தஞ்சம் புக வேண்டியிருந்தது. 1806 வேலூர்க் கிளர்ச்சிக்குப் பின் அச்சம் இன்னும் கூடியது. 1813-இல்தான் பாராளுமன்றம் வழி திறந்தது. அங்கே நிலம் வேண்டும், ஆகவே வேதம் தேவைப்பட்டது. இங்கே வணிகமும் வரியும் வேண்டும், ஆகவே வேதம் இடைஞ்சலாகத் தெரிந்தது. ஒரே நாடு, ஒரே வேதம். இலாபக் கணக்கு மட்டும் வேறு!

நண்பர்களே! கிறிஸ்தவரல்லாதார் நிலத்தைக் கண்டுபிடித்தவனே எடுத்துக்கொள்ளலாம் என்ற கொள்கையை 1823-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சட்டமாக்கியது. அந்தக் கொள்கையை நிராகரிக்கிறோம் என்று வாடிகன் அறிவித்தது 2023-இல். பார்படோஸில் திருச்சபைச் சங்கத்துக்குச் சொந்தமான தோட்டத்தில் அடிமைகளின் மார்பில் 'சொசைட்டி' என்று சூடு போட்டதற்கு இங்கிலாந்துத் திருச்சபை மன்னிப்புக் கேட்டது 2006-இல். மன்னிப்பு வரவேற்கத்தக்கது. ஆனால் சூடு பட்டவன் மண்ணாகி எத்தனை தலைமுறை ஆயிற்று?

ஆகவே இளைஞர்களே, இனி யார் இறைவன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். நிலம் யாருடையது? பணம் யார் கைக்குப் போகிறது? உங்கள் கை ஓங்கினால், உங்களோடு ஒத்துப்போகாதவனை என்ன செய்வீர்கள்? வருகிறவர் அந்நியராக இருந்தாலும் கேளுங்கள். நம் ஜமாஅத் தலைவராக இருந்தாலும் கேளுங்கள். இதை எழுதுகிற நானாக இருந்தாலும் சட்டையைப் பிடித்துக் கேளுங்கள்!

வணிகர்களே, சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் மேலே ஒட்டிய சீட்டைப் பார்த்து வாங்குவீர்களா? மாட்டீர்கள் அல்லவா? மார்க்கத்தின் பெயரால் வரும் சரக்கையும் பிரித்துப் பாருங்கள். அஞ்சுகிறவன் கள்ளச் சரக்கு வைத்திருப்பவன் மட்டுமே!